ஒன்பது மாதப் பொறுமை

பொறுமை என்பது பிறருக்கு உபதேசம் செய்வதற்கென்றே ஏற்பட்ட குணம் என்று நாம் வெகு காலமாக நம்பி வந்தோம். சென்ற மார்கழியில் ஒரு நாள் கீழ்க்கட்டளைக்குப் போய் வந்த பிறகு அந்த அபிப்பிராயத்தைச் சற்று மாற்றிக் கொள்ள வேண்டியதாயிற்று.

தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த கீழ்க்கட்டளையை நேயர்களில் பலர் பஸ் ஜன்னல் வழியாகவாவது பார்த்திருப்பார்கள். பல்லாவரத்திலிருந்து துரைப்பாக்கத்துக்குப் போகும் 200 அடிச் சாலையும், மடிப்பாக்கத்திலிருந்து மேடவாக்கத்துக்குப் போகும் சாலையும் அங்கே ஒன்றையொன்று வெட்டிக் கொண்டு செல்கின்றன. அந்தச் சந்திப்பில் சாலையின் இப்புறமிருந்து அப்புறம் போய்ச் சேருவதற்குத் திடமான முழங்கால் இரண்டும், திடமான நெஞ்சு ஒன்றும் வேண்டும். இவை மூன்றும் நமக்கு அன்று எப்படியோ வாய்த்திருந்தபடியால், ஏரிப் பக்கமாக உள்ள நண்பர் வீட்டுக்குச் சேதமின்றிப் போய்ச் சேர்ந்தோம்.

நண்பர் கணக்கு இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஏக புதல்வன் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கிறான். ஆனால் ஊரில் அவனைப் படிப்பை வைத்து யாரும் அடையாளம் சொல்வதில்லை. கபடி பாடிச் செல்வதில் கெட்டிக்காரன் என்றுதான் சொல்வார்கள். சென்ற ஆனி மாதத்தில் ஒரு பந்தயம். எதிர்க் கட்சியின் ஆளைத் தொட்டுவிட்டு மின்னலைப் போல் திரும்பினான். உடம்பு திரும்பியது, பாதம் மட்டும் ஊன்றிய இடத்திலேயே நின்றுவிட்டது. முழங்காலுக்குள் ‘டப்’பென்று ஒரு சப்தம். அந்தச் சமயத்தில் ஒருவர் கையும் அவன்மீது படவில்லை என்பதுதான் எல்லாருக்கும் ஆச்சரியம். ஆடி பிறப்பதற்கு முன் ரண சிகிச்சை நடந்தது. நாம் போனபோது ஐந்து மாதம் முடிந்து ஆறாவது மாதம் நடந்து கொண்டிருந்தது.

“ஸார்! நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்கள்” என்றார் நண்பர். “பொங்கலுக்கு இங்கே பெரிய பந்தயம் வைக்கிறார்கள். இவன் ஆடியே தீருவேன் என்கிறான். இவன் அம்மா கூடவே கூடாது என்கிறாள். நான் நடுவில் அகப்பட்டுக் கொண்டு விழிக்கிறேன்.”

பையன் நம்மை நிமிர்ந்து பார்த்தான். “மாமா! எனக்கு வலியே இல்லை. மாடிப்படி ஏறுகிறேன், இறங்குகிறேன், ஓடுகிறேன். இந்தப் பந்தயத்தைப் பார்க்கச் சர்க்கார் இலாகாக் குழுக்களின் பயிற்சியாளர்கள் வருகிறார்கள். அடுத்த வருஷம் எனக்குப் படிப்பு முடிந்துவிடும். இப்போது விட்டால் யார் என்னைத் தேடிக் கொண்டு வரப் போகிறார்கள்?” என்றான்.

அவன் கேட்டதில் நியாயம் இல்லை என்று நம்மால் சொல்ல முடியவில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் உத்தியோகம் என்பது நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்குச் சின்ன விஷயமா? ஆகையால், “யோசித்துச் சொல்கிறோம்” என்று சொல்லி ஒரு வாரம் தவணை வாங்கிக் கொண்டு வந்தோம். அந்த ஒரு வாரத்தில் தெரிந்து கொண்டதையே இங்கே எழுதுகிறோம். நண்பரின் வீட்டில் நடந்த வழக்கு இன்று தமிழ் நாட்டில் எத்தனையோ வீடுகளில் நடக்கிறது.

முழங்காலின் கதை

ஜனங்கள் ‘ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். வைத்தியர்கள் அதைத் தசைநார் என்கிறார்கள். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைத்து நிறுத்துகிற முக்கியமான நார்கள் நான்கு. இரண்டு பக்கத்துக்கு ஒவ்வொன்று. மூட்டுக்குள்ளே பெருக்கல் குறியைப் போல் குறுக்காக ஓடுபவை இரண்டு. இந்தக் குறுக்கு நார்களில் முன்னால் இருப்பதுதான் விளையாட்டுக்காரர்களின் சத்துரு. உண்மையில் அவர்களுடைய பரம மித்திரன் என்றே சொல்ல வேண்டும். கீழ்க்கால் எலும்பு முன்னால் வழுக்கிப் போகாமலும், கால் அளவுக்கு மீறி முறுகாமலும் காப்பது அதுதான். ஓடுகிறவன் திடீரென்று நிற்கும்போதும், திரும்பும்போதும், குதித்து இறங்கும்போதும் பாரமெல்லாம் அதன்மேல் விழுகிறது. ஆகையினாலேதான், யாரும் மோதாமல், யாரும் தொடாமல், அது பெரும்பாலும் தானாகவே அறுந்து போகிறது. இவற்றைத் தவிர, எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே பிறைச் சந்திரனைப் போன்ற இரண்டு மெத்தைகள் உண்டு. நார் அறும்போது பல சமயங்களில் மெத்தையும் கூடக் கிழிந்து போகிறது.

எலும்பு முறிந்தால் ஒட்டிக் கொள்ளும். தோல் கிழிந்தால் மூடிக் கொள்ளும். இந்த முன் குறுக்கு நாருக்கு மட்டும் அந்தப் பாக்கியம் அவ்வளவாகக் கிடையாது. அறுந்த முனைகள் மூட்டு நீரில் மிதந்து கொண்டு, ஒன்றையொன்று எளிதில் சந்திப்பதில்லை. 1895-ல் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து மேயோ ராப்ஸன் என்னும் வைத்தியர் ஒரு சுரங்கத் தொழிலாளியின் முழங்காலைத் திறந்து அறுந்த நார்களைத் தைத்தார். 1917-ல் ஹே குரோவ்ஸ் என்பவர், தைப்பதைக் காட்டிலும் புதிய நாரே பொருத்திவிடலாம் என்று, தொடையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து மூட்டுக்குள் செலுத்தினார். மறு வருஷம் ஜப்பானில் டக்காகி என்பவர், மூத்திரப் பையைப் பார்ப்பதற்காக ஏற்பட்ட குழாயை முழங்காலுக்குள் விட்டுப் பார்த்தார். அவர் வழியில் வந்த வாட்டனாபே 1962-ல் குழாய் வழியாகவே கிழிந்த மெத்தையைச் சீர் செய்து காட்டினார். இன்று சிறிய துளைகள் வழியாகவே எல்லாம் நடந்துவிடுகிறது. நோயாளியின் தொடைக்குப் பின்னாலிருந்தோ, முழங்கால் சில்லுக்குக் கீழேயிருந்தோ ஒரு நாரை எடுத்து, எலும்புகளில் துளையிட்டு, பழைய நார் இருந்த இடத்தில் புதிதாகப் பொருத்தி விடுகிறார்கள். இரண்டொரு நாளில் நோயாளி ஊன்றுகோலுடன் வீட்டுக்கு வந்துவிடுகிறான்.

அறுவை என்றால் உடனே கத்திதான் என்றும் எண்ண வேண்டாம். 2010-ல் ஸ்வீடனில் 121 பேரைக் கொண்டு ஒரு பரிசோதனை நடத்தினார்கள். ஒரு பாதிப் பேருக்கு உடனே சிகிச்சை. மறு பாதிப் பேருக்கு முதலில் தேகாப்பியாசம், பிறகு அவசியமானால் சிகிச்சை. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால், இரண்டாவது வகையாரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கத்தியே வேண்டியிருக்கவில்லை. கபடியும் கால்பந்தும் போலச் சுழன்று திரும்பும் ஆட்டங்களுக்குப் போக விரும்புவோருக்கு வைத்தியர்கள் பெரும்பாலும் ரண சிகிச்சையையே சிபாரிசு செய்கிறார்கள். மற்றவர்கள் அவசரப்படாமல் இரண்டு வைத்தியர்களைக் கேட்டு முடிவு செய்யலாம்.

நட்ட நாற்று

இனிமேல்தான் விஷயம். கீழ்க்கட்டளையில் பழைய மனிதர்களைக் கேட்டால், இப்போது அடுக்கு வீடுகள் நிற்கும் இடத்தைக் காட்டி, “இதெல்லாம் ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல்” என்பார்கள். வயல் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். நாற்றங்காலில் பச்சைப் பசேலென்று இருக்கும் நாற்றைப் பிடுங்கி நட்டால், அது உடனே வளர ஆரம்பிப்பதில்லை. முதலில் வாடி வெளுத்துப் போகும். வேர் பிடித்த பிறகுதான் மறுபடியும் பச்சை கட்டும். வாடியிருக்கும் அந்த நாட்களில் ஆடு மாடு இறங்கினால் தீர்ந்தது.

முழங்காலுக்குள் நட்ட நாரும் அப்படித்தான். பொருத்திய அன்று அது பலமாகவே இருக்கிறது. பிறகு இரத்த ஓட்டம் அறுபட்ட காரணத்தால் அதிலுள்ள பழைய உயிரணுக்கள் மடிந்து போகின்றன. முதல் சில வாரங்களிலிருந்து மூன்றாவது மாதம் வரையில் அது மிகவும் பலஹீனமான நிலைமையில் இருக்கிறது. அதன் பிறகு புதிய இரத்தக் குழாய்கள் ஊடுருவி, புதிய அணுக்கள் குடியேறி, கொஞ்சம் கொஞ்சமாக அது உண்மையான நாராக மாறுகிறது. இந்த மாறுதல் பூர்த்தியாவதற்கு ஒரு வருஷமும் ஆகலாம். அதற்கு மேலும் ஆகலாம்.

இதில் இருக்கும் வஞ்சகத்தைப் பாருங்கள்! வலி போவதற்கும் நார் தேறுவதற்கும் சம்பந்தமே இல்லை. மூன்று, நாலு மாதத்தில் வீக்கம் வடிந்துவிடுகிறது, வலி மறைந்துவிடுகிறது, கால் வீசி நடக்க முடிகிறது. ‘நான் சௌக்கியமாகிவிட்டேன்’ என்று பையன் சத்தியம் செய்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுடைய முழங்கால்தான் அவனிடம் பொய் சொல்லுகிறது.

அமெரிக்காவில் டெலவேரிலும் நார்வேயில் ஓஸ்லோவிலும் இத்தகைய சிகிச்சை செய்து கொண்ட 106 பேரை இரண்டு வருஷம் தொடர்ந்து கவனித்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். விளையாட்டுக்குத் திரும்புவதை ஒன்பதாவது மாதம் வரையில் ஒவ்வொரு மாதம் தள்ளிப் போடப் போட, மறுபடியும் காயம் படும் விகிதம் ஏறக்குறையப் பாதி பாதியாகக் குறைந்து வந்தது. அது மட்டுமல்ல, மாதக் கணக்கோடு, காலின் பலத்தையும் தாவும் திறமையையும் அளந்து பார்த்தார்கள். அந்தப் பரீட்சைகளில் தேறாமலே ஆடப் போனவர்களில் 100-க்கு 38 பேர் மறுபடி முழங்காலைக் கெடுத்துக் கொண்டார்கள். தேறிய பிறகு போனவர்களில் அவ்விதம் ஆனவர்கள் 100-க்கு 6 பேர் கூட இல்லை.

பரீட்சை என்றதும் பயந்துவிட வேண்டாம். சிகிச்சை ஆன காலின் தொடைத் தசை, மற்றக் காலின் பலத்தில் 100-க்கு 90 பங்காவது வந்திருக்க வேண்டும். ஒற்றைக் காலால் தாவினால், அந்தக் காலும் மற்றக் காலும் ஏறக்குறைய ஒரே தூரம் தாவ வேண்டும். தாவி இறங்கும்போது முழங்கால் உட்புறமாகச் சாயக் கூடாது. நாட்காட்டியும் பரீட்சையும் இரண்டும் சேர்ந்து அனுமதி கொடுத்தால்தான் மைதானம்.

இளம் பிள்ளைகள் இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். 25 வயதுக்குள் இந்தச் சிகிச்சை செய்து கொண்டு ஆட்டத்துக்குத் திரும்பியவர்களில் சுமார் நாலில் ஒருவருக்கு இரண்டாவது தடவை நார் அறுந்திருப்பதாக ஆராய்ச்சிகள் சொல்லுகின்றன. சிலருக்கு அதே காலில். சிலருக்கு இதுவரை ஒரு குற்றமும் செய்யாத மற்றக் காலில்!

வீட்டில் கவனிக்க வேண்டியவை

ரண சிகிச்சைக்கு லட்சக் கணக்கில் செலவழிக்கத் தயாராயிருக்கும் குடும்பங்கள், பிஸியோதெரபி என்கிற இயன்முறை வைத்தியத்துக்கு மட்டும் இரண்டு வாரம் போய்விட்டு நிறுத்திவிடுகின்றன. ‘காலை நீட்டு, மடக்கு என்று சொல்வதற்கு ஒரு வைத்தியரா?’ என்று கேட்கிறார்கள். கத்தியின் வேலை ஒரு மணி நேரத்திலோ இரண்டு மணி நேரத்திலோ முடிந்துவிடும். பாக்கி ஒன்பது மாதமும் இந்த நீட்டு, மடக்குதான் வேலை. அதில் அலங்காரம் ஒன்றும் இல்லை. பார்க்க வருகிறவர்களிடம் காட்டிப் பெருமைப்படவும் முடியாது. ஆனால் காலைக் காலாக்குவது அதுதான்.

தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளைக்குச் சுகமாக இருக்கட்டுமென்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். அப்போது சுகமாய்த்தான் இருக்கும். ஆனால் கால் சற்று மடங்கியபடியே இறுகிப் போய்விடலாம். பிறகு அதை முழுவதும் நீட்டுவதற்குப் படாத பாடு பட வேண்டும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முதல் வாரங்களில் காலை முழுவதும் நேராக நீட்ட முடிவதுதான் முதல் வெற்றி. சப்பணம் கூட்டி உட்காருவதையும் குந்தி உட்காருவதையும் வைத்தியர் சொல்லும் வரையில் மறந்துவிட வேண்டும். பந்தியில் நாற்காலி கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை.

இன்னொரு விஷயத்தை எழுதும்போது கை தயங்குகிறது. ஆயினும் எழுதாமல் இருப்பது தர்மமாகாது. 2022-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் சென்னையில் 17 வயதுக் கல்லூரி மாணவி ஒருத்தி, கால்பந்து ஆட்டக்காரி, இதே போன்ற முழங்கால் சிகிச்சைக்குப் பிறகு முதலில் காலையும், பின்னர் உயிரையும் இழந்தாள். சிகிச்சைக்குப் பின் போட்ட இறுக்கமான கட்டு இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிட்டது என்று அரசாங்கத் தரப்பிலேயே தெரிவிக்கப்பட்டது. தமிழ் நாடே கண்ணீர் விட்டது. அந்தக் கண்ணீர் வீணாகாமலிருக்க வேண்டுமானால், ஒவ்வொரு வீட்டிலும் சில அறிகுறிகளைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மருந்துக்கு அடங்காமல் வலி மேலும் மேலும் ஏறினாலும், கால் விரல்கள் மரத்துப் போனாலும், சில்லிட்டாலும், வெளுத்தாலும், நீலம் பாய்ந்தாலும், விரல்களை அசைக்க முடியாமற் போனாலும், அந்த நிமிஷமே வைத்தியரைக் கூப்பிட வேண்டும். ‘விடியட்டும்’ என்று காத்திருக்கக் கூடாது. ‘சிகிச்சை என்றால் வலிக்கத்தான் செய்யும்’ என்று யாராவது சொன்னால் அதைக் கேட்டுச் சும்மா இருக்கவும் கூடாது. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், ஜுரம் வந்தாலும், தையலில் நீர் கசிந்தாலும் அப்படியே. ஒன்பது மாதமும் பொறுமை வேண்டும் என்று சொல்கிற நாமே, இந்த விஷயத்தில் மட்டும் ஒரு மணி நேரமும் பொறுக்காதீர்கள் என்று சொல்லுகிறோம்.

திரும்பி வந்தவர்கள்

மீண்டு வந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டாமா? சேலம் ஜில்லாவில் சின்னப்பம்பட்டி என்னும் கிராமத்திலிருந்து கிளம்பிய நடராஜனைத் தமிழ் மக்கள் அறிவார்கள். 2020–21-ல் ஆஸ்திரேலியாவுக்குப் போன அவர், ஒரே சுற்றுப் பிரயாணத்தில் மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக முதன் முதலாக ஆடிப் பெயர் வாங்கினார். 2021 மார்ச்சு 28-ந் தேதி புனாவில் இங்கிலாந்துக்கு எதிராகக் கடைசி ஓவரில் 14 ஓட்டங்கள் எடுக்க விடாமல் தடுத்து வெற்றி தேடித் தந்தார். அடுத்த மாதம் 27-ந் தேதி முழங்காலில் சிகிச்சை! செப்டம்பரில் திரும்பி வந்தபோது கொரோனா வந்து அவரைத் தனி அறையில் அடைத்தது. மறு வருஷம் ஐ.பி.எல். பந்தயங்களில் 11 ஆட்டங்களில் 18 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இந்திய அணியில் இடம் உடனே திரும்பக் கிடைத்துவிடவில்லை. ஆனாலும் அவர் சோர்ந்து உட்காரவில்லை. 2023-ல் தம்முடைய கிராமத்துப் பிள்ளைகளுக்காக ஒரு மைதானம் அமைத்துக் கொடுத்தார். மைதானத்துக்குத் திரும்புவதில் இதுவும் ஒரு வகை அல்லவா?

ரிஷப் பந்த்தின் கதை அதைவிடப் பயங்கரமானது. 2022 டிசம்பர் 30-ந் தேதி ரூர்க்கி அருகே அவர் ஓட்டிய கார் விபத்துக்குள்ளாகித் தீப்பற்றியது. வலது முழங்காலில் நார்கள் அறுந்தன. மறு மாதம் பம்பாயில் சிகிச்சை நடந்தது. 2024 மார்ச்சு 23-ந் தேதிதான் அவர் மறுபடி பந்தயத்தில் இறங்கினார். ஏறக்குறைய 15 மாதம்! அதே வருஷம் செப்டம்பரில் நமது சேப்பாக்கத்தில் பங்களாதேஷுக்கு எதிராக டெஸ்டு ஆட்டத்தில் 109 ஓட்டங்கள் எடுத்தார். விக்கெட் காப்பவர் ஒவ்வொரு பந்துக்கும் குந்தி எழுந்திருக்க வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த 15 மாதத்தின் அருமை தெரியும்.

ஸாய்னா நேவால் 2016 ஆகஸ்டில் முழங்கால் சிகிச்சை செய்து கொண்டு, 2017 ஜனவரியிலேயே மலேஷியாவில் பட்டம் வென்றார். “பார்த்தீர்களா, ஐந்தே மாதம்!” என்று நம்முடைய கபடி வீரன் இதைத்தான் சொன்னான். ஆனால் ஸாய்னாவுக்கு நடந்தது நார் மாற்றும் சிகிச்சை அன்று. பக்கத்து வீட்டுக்காரரின் மூக்குக் கண்ணாடியை வாங்கிப் போட்டுக் கொள்வது எப்படியோ, அப்படியே பிறருடைய முழங்கால் கணக்கை நம் முழங்காலுக்குப் போடுவதும்.

எல்லாரும் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறார்கள் என்று சொல்லி நேயர்களை ஏமாற்ற நமக்கு விருப்பமில்லை. 2014-ல் பல தேசத்து ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்ததில், நார் மாற்றிக் கொண்டவர்களில் 100-க்கு 81 பேர் ஏதாவதொரு விளையாட்டுக்குத் திரும்பியிருந்தார்கள். பழைய தரத்துக்குத் திரும்பியவர்கள் 65 பேர். பந்தய ஆட்டத்துக்குத் திரும்பியவர்கள் 55 பேர். திரும்பாதவர்களில் பலருக்கு முழங்காலில் குறையில்லை, மனத்தில்தான் பயம். ‘டப்’பென்ற அந்தச் சப்தம் காதை விட்டுப் போவதில்லை. அந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று யாரும் பரிகாசம் செய்ய வேண்டாம். அதற்கும் காலைப் போலவே சிறிது சிறிதாகப் பயிற்சி கொடுக்க வேண்டியதுதான். முதலில் நேராக ஓட்டம், பிறகு வளைவு, பிறகு தனியே பாடிப் பழக்கம், பிறகு தோழர்களுடன் மெதுவாக, கடைசியில்தான் பந்தயம். இவ்வளவுக்கும் பிறகு ஒருவன், ‘எனக்குக் கபடி போதும்; இனிமேல் நீந்தப் போகிறேன்’ என்று சொன்னால், அதுவும் தோல்வியாகாது.

தீர்ப்பு

ஒரு வாரம் கழித்து மறுபடியும் கீழ்க்கட்டளைக்குப் போனோம். மேலே கண்டவற்றையெல்லாம் பையனுக்கு எடுத்துச் சொன்னோம். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் வெள்ளைக்காரர்கள் கணக்கு, மாமா! என் கால் நன்றாக இருக்கிறது” என்றான். நம்முடைய ஒரு வார ஆராய்ச்சி அத்துடன் முடிந்தது.

அப்போது அவனுடைய தாயார் உள்ளே போய்த் தையல் மெஷின் மேஜையிலிருந்து அளவு நாடாவை எடுத்து வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளையை நாற்காலியில் உட்கார வைத்து, முழங்கால் சில்லுக்கு மேலே ஒரு சாண் தள்ளி, முதலில் நல்ல காலின் தொடையை அளந்தார். பிறகு மற்றத் தொடையை அதே இடத்தில் அளந்தார். நாடாவை அவன் கையிலேயே கொடுத்துவிட்டார். ஒன்றரை அங்குலம் குறைவாக இருந்தது.

பையன் நாடாவையே வெகு நேரம் பார்த்துக் கொண்டிருந்தான்.

“உன்னைப் பத்து மாதம் சுமந்தேனடா, கண்ணா! உன் முழங்காலுக்கு நீ ஒன்பது மாதம் கொடுக்கக் கூடாதா?” என்றார் அந்த அம்மாள்.

வெள்ளைக்காரர்கள் கணக்குக்குப் பதில் சொன்னவனுக்கு இந்தக் கணக்குக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் பயிற்சியாளர்கள் அடுத்த வருஷமும் வருவார்களா, அப்பா?” என்று மட்டும் கேட்டான். நண்பர் பதில் சொல்லாமல் அவன் தோளில் கையை வைத்தார். “வருவார்கள்” என்று உறுதி சொல்ல அவராலும் முடியவில்லை, நம்மாலும் முடியவில்லை. பொறுமைக்கு விலை உண்டு. அந்த விலையைக் கொடுக்கப் போகிறவன் அவன். உபதேசம் செய்கிற நாம் அல்ல. இதை மறந்துவிட்டுப் பிள்ளைகளிடம் பொறுமையைப் பற்றிப் பேசுவது சுலபம். இலாகாக் குழுவினரும் கல்லூரிகளும் காயம் பட்ட பிள்ளைகளுக்கு ஒரு வருஷ அவகாசம் கொடுத்து, இடத்தைக் காப்பாற்றி வைத்தால், எத்தனையோ முழங்கால்கள் பிழைக்கும். இதை அவர்களுடைய கவனத்துக்குக் கொண்டு வருகிறோம்.

காணும் பொங்கலன்று பந்தயம் நடந்தது. நாமும் போயிருந்தோம். மைதானத்து ஓரத்தில் ஒரு மேஜை போட்டு, புள்ளிக் கணக்கு எழுதுகிறவனாக நம்முடைய வீரன் உட்கார்ந்திருந்தான். முகத்தில் சிரிப்பு இருந்தது; எழுத்தும் சுத்தமாக இருந்தது. தற்செயலாக மேஜைக்கு அடியில் பார்த்தோம். ஆட்டக்காரன் ஒருவன் பாடிக் கொண்டு கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் இவனுடைய கால் தானாகவே ஓர் அடி முன்னால் வைத்தது. பிறகு எதையோ நினைத்துக் கொண்டாற்போல் பின்னுக்கு வந்தது.

சித்திரை பிறந்ததும் பரீட்சை வைப்பதாக இயன்முறை வைத்தியர் சொல்லியிருக்கிறாராம். அதுவரையில் வாரத்துக்கு ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை காலையில், அளவு நாடா தையல் மெஷின் மேஜையிலிருந்து வெளியே வருகிறது. சென்ற வாரம் வித்தியாசம் முக்கால் அங்குலமாகக் குறைந்துவிட்டது என்று நண்பர் டெலிபோனில் தெரிவித்தார்.